இடைத்தரகர் ஒழிப்புக் கட்டணம்

கரடியூர் பூவாயி சங்கத்துக்கு மிளகு போட்டு நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு கிலோ. மூன்றாவது முறையாகப் பணம் கேட்டு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறி வந்தபோது, கவுன்டரில் கணக்கெழுதும் ரைட்டர் சிவக்குமார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, இனிமே பணம்னு மட்டும் கேக்காதீங்க. தலைவர் கோவிச்சுக்குவாரு. டிஜிட்டல் மதிப்புன்னு கேளுங்க."

"அப்பிடிக் கேட்டாக் கெடைக்குமுங்களா?"

"கேக்கற மொறதானுங்க மாறியிருக்குது. கெடைக்கறதப் பத்தி இன்னும் முடிவாகலை."

பூவாயிக்கு அவசரம் இருந்தது. பங்குனிக் காற்றில் வீட்டுக் கூரையின் தெற்குப் பாதி ஓடுகள் பறந்துபோய், அவளும் புருஷன் வெள்ளையனும் நீலத் தார்ப்பாயின் கீழே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆடிக் காற்றுக்கு முன்னால் தகரம் போடவில்லையென்றால் மீதிப் பாதியும் போய்விடும். மிளகுப் பணத்தை நம்பித்தான் ஆசாரியிடம் பேசி வைத்திருந்தாள்.

அந்தச் சங்கத்தின் முழுப்பெயர் சேர்வராயன் மலைச் சிறு மிளகு காப்பி உற்பத்தியாளர் முன்னேற்றச் சங்கம். பெயர்ப்பலகை கட்டிடத்தைவிட இரண்டடி நீளம். அதனால் கடைசியில் வரும் 'சங்கம்' என்ற சொல் மட்டும் பக்கத்து டீக்கடைச் சுவரில் இருந்தது. உறுப்பினர்கள் இருநூற்றுப் பதினெட்டுப் பேர். தலைவர் தேவசிகாமணி பதினான்கு வருடமாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகிறார். தேர்தல் அறிவிப்பைத் தேர்தலுக்கு மறுநாள் ஒட்டுவது சங்கத்தின் வழக்கம்.

அந்த வருடம் தலைவர் பெங்களூரில் ஒரு ஓட்டலில் நடந்த மாநாட்டுக்குப் போயிருந்தார். அங்கே வேறு ஏதோ ஊர் ஏலக்காய்ச் சங்கத்துக்கு 'நவீனமயம்' என்று எழுதிய ஒரு வெள்ளிக் கேடயம் கொடுத்தார்கள். தலைவர் அதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். மலையேறித் திரும்பியபோது அவர் கூடவே யுவராஜ் என்ற ஆலோசகரும் வந்து இறங்கினார்.

பொதுக்குழுவில் தலைவர் பேசினார்.

"உறுப்பினர் பெருமக்களே! இத்தனை காலமா உங்க மிளகுக்கும் உங்க மதிப்புக்கும் நடுவுல எத்தனை பேர் உக்காந்திருந்தாங்க? மண்டிக்காரர், கமிஷன்காரர், பேங்க்காரர்! இனிமே நடுவுல ஒருத்தரும் கிடையாது. உலகமே ஏத்துக்கிட்ட கிரிப்டோ முறையில நேரா உங்க கைக்கு வரப்போகுது. நடுவுல ஒருத்தரும் இல்லாம பாத்துக்கறதுக்காக ஒரு ஆலோசகர், அவருக்கு ரெண்டு உதவியாளர், ஒரு கண்காணிப்புக் குழு, அந்தக் குழுவைக் கண்காணிக்க ஒரு துணைக்குழு, எல்லாம் போட்டாச்சு. இதுக்கு ஆகற செலவுக்கு நூத்துக்கு மூணு வீதம் இடைத்தரகர் ஒழிப்புக் கட்டணம்னு பிடிச்சுக்குவோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த ராசம்மாள் தட்டியதால் பூவாயியும் தட்டினாள். பூவாயி தட்டியதால்தான் தானும் தட்டியதாக ராசம்மாள் பிறகு சொன்னாள்.

இரண்டு நாள் பயிற்சி. ஆளுக்கு ஒரு போன் கொடுத்தார்கள். அதன் விலையை மிளகுக் கணக்கில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு சமோசா. அவற்றையும் பிடித்துக்கொண்டார்கள்.

யுவராஜ் கையில்லாத கோட்டுப் போட்டு, மைக்கைக் காதில் மாட்டிக்கொண்டு நடந்து நடந்து பேசினார். உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே பேரேட்டின் நகல் இருக்கிறது என்றார். யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினாலும் எல்லா நகலிலும் ஏறிவிடும். ஒருத்தர் திருத்தினால் மற்ற நகல்கள் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே யாராலும் ஏமாற்ற முடியாது.

"இந்த முறையில யாரையுமே நம்பத் தேவையில்லை. அதுதான் இதோட அழகு" என்றார்.

"ஆமாம்" என்று மேடையிலிருந்து தலைவர் சொன்னார். "எங்களை நம்புங்க."

ராசம்மாள் கையைத் தூக்கினாள். வெள்ளக்கடையில் முக்கால் ஏக்கர் காப்பி வைத்திருப்பவள். எதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுகிற ஆள். "ஏனுங்க, அனுப்பறவிங்க தப்பா வேற ஆளுக்கு அனுப்பிப்போட்டா?"

"போனது போனதுதான். திரும்ப எடுக்க முடியாது. அதுதான் பாதுகாப்பு."

"அப்ப யார்கிட்டப் போயிக் கேக்கறதுங்க?"

"யார்கிட்டயும் கேக்க முடியாது. நடுவுலதான் யாருமே இல்லையே."

"யாருமே இல்லீன்னா அந்த நூத்துக்கு மூணு யாருக்குங்க?"

யுவராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது. அது ஒன்றேகால் மணி நேரம் நீடித்தது.

மறுநாள் ஒவ்வொருவர் போனிலும் பணப்பை என்று ஒன்றைத் திறந்து கொடுத்தார்கள். திறந்ததும் திரையில் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் வந்தன. அந்தப் பன்னிரண்டும்தான் சாவி என்று யுவராஜ் சொன்னார். போன் உடைந்தாலும் தொலைந்தாலும் அந்த வார்த்தைகளை வரிசை மாறாமல் வேறு போனில் போட்டால் பணம் அப்படியே வந்துவிடும்.

"ஆனா ஒண்ணு. யாருக்கும் சொல்லக்கூடாது. பெத்த பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. கட்டின புருஷனுக்குச் சொல்லக்கூடாது. அது தெரிஞ்சவன் எவனோ அவனுக்குத்தான் உங்க காசு. புரியுதா?"

அன்றைக்குப் பூவாயிக்கு முழுசாகப் புரிந்தது அது ஒன்றுதான். ஐந்தாவது வரை படித்தவள். ஆங்கில எழுத்துகளை எழுதத் தெரியாமல், பார்த்துப் பார்த்து வரைந்தாள். ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. அந்தத் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அந்த வார்த்தைகள் என்னவென்று நாமும் இங்கே எழுதப் போவதில்லை.

சாயந்தரம் எல்லோருக்கும் 'பிளாக்செயின் வல்லுநர், முதல் நிலை' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். பயிற்சிக்கே வராமல் கோயில் திருவிழாவுக்குத் துணி எடுக்கப் போயிருந்த நால்வருக்கும் கொடுத்தார்கள்.

மதிப்பு வழங்கும் விழா சித்திரையில் நடந்தது. குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை. மேடையில் ஆறடி உயரத்துக்குத் தெர்மகோலில் ஒரு போன். தலைவர் அதன் பொத்தானை அழுத்துவது போல் படம் எடுத்துக்கொண்டார். பிறகு உண்மையான போனை எடுத்தார். மண்டபத்துக்குள் டவர் இல்லை. தலைவரும் யுவராஜும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். மாடியில் நடப்பதைப் படிக்கட்டில் நின்ற சிவக்குமார் கீழே இருந்தவர்களுக்கு உரக்கச் சொன்னார்.

"தலைவர் மொதல்ல சோதனைக்குப் பத்து ரூவா மதிப்பு அனுப்பறாரு! அனுப்பிட்டாரு! அனுப்பறதுக்கு ஆன கட்டணம் நாப்பத்திரெண்டு ரூவா!"

"பத்து ரூவா அனுப்ப நாப்பத்திரெண்டா?" என்றாள் ராசம்மாள். "டவுன் பஸ்ஸுல ஏறி நேர்ல குடுத்துட்டு டீ குடிச்சுட்டு வந்திரலாமே. அது யாருக்குங்க போவுது?"

சிவக்குமார் மேலே கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "நெட்வொர்க்குக்குங்க."

"அவரு இடைத்தரகர் இல்லீங்களா?"

இதையும் சிவக்குமார் மேலே கேட்டார். "அவரு ஆளே இல்லைங்களாம்" என்று பதில் வந்தது.

அனுப்பியதை உலகத்துக் கம்ப்யூட்டர்கள் உறுதி செய்யும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். இருநூறு பேர் ஐம்பது நிமிடம் தெர்மகோல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாலையோடு மாடியில் நின்ற தலைவருக்குச் சளி பிடித்தது.

அது உறுதியான பிறகு எல்லோருடைய பங்கையும் அனுப்பினார்கள்; பூவாயியின் போனிலும் வந்துவிட்டது. அந்தக் காயினுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. பூவாயி கடைசிவரை 'அந்தக் காசு' என்றே சொன்னாள். நாமும் அப்படியே சொல்வோம். திரையில் ஒரு பூஜ்யம், ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் மேலும் பூஜ்யங்கள், கடைசியில் சில எண்கள்.

"புள்ளிக்கு முன்னால ஒண்ணுமே இல்லீங்களே."

"பின்னால பாருங்கக்கா" என்றார் சிவக்குமார்.

நூற்றுப் பன்னிரண்டு கிலோ மிளகும் ஒரு புள்ளிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

மறுநாளே பூவாயி சேலத்துக்கு இறங்கினாள். தகரக் கடைக்காரர் போனை வாங்கி, தூரவைத்துப் பார்த்தார், கிட்டவைத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"ஏனுங்கம்மா, எங் கடைத் தகரம் உங்க கண்ணுக்குத் தெரியுதில்லீங்க? உங்க காசும் எங் கண்ணுக்குத் தெரியோணுமில்லீங்க?"

கணக்கு வைத்திருந்த வங்கியில் கேட்டாள். அங்கே இருந்தவர் மரியாதையாகவே சொன்னார்: "இது சட்டப்படி பணமே இல்லைம்மா. எங்களால வாங்க முடியாது." எழுந்து வரும்போது, "ஆனா வித்து லாபம் வந்தா நூத்துக்கு முப்பது வரி உண்டு" என்றும் சொன்னார்.

"பணமே இல்லாததுக்கு வரியாங்க?"

"ஆமாம்மா. பணமா இருந்தா இவ்வளவு வராது."

பூவாயி நேராகச் சங்கத்துக்கு வந்தாள். தலைவர் அறையில் இருந்தார். மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"இத ரூவாயா மாத்திக் குடுத்தீங்கன்னா நொம்பப் புண்ணியமாப் போவுமுங்க. ஊட்டுக்குக் கூரை போடோணும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ரூபாயா? ஏம்மா, சங்கம் உங்களை எவ்வளவு தூரம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கு. மறுபடியும் பின்னாடி போகணும்ங்கறீங்க. நாளைக்கு மாநாட்டுல என்னைக் கேப்பாங்க, எத்தனை பேரு டிஜிட்டல் ஆனாங்கன்னு. இருநூத்துப் பதினெட்டுன்னு சொல்றதா, இருநூத்துப் பதினேழுன்னு சொல்றதா? உங்க ஒரு கூரைக்காக ஒரு எண்ணையே கெடுக்கச் சொல்றீங்க."

"மழ பெய்யுதுங்களே."

"மழை உள்ளூர் விஷயம்" என்றார் தலைவர்.

அந்த வாரம் அந்தக் காசின் விலை ஏறியது. சங்கத்தின் சாதனை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். அடுத்த வாரம் அதைவிட இரண்டு மடங்கு இறங்கியது. கரும்பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, உலகச் சந்தை என்றார்கள். தார்ப்பாயில் தேங்கிய மழைத்தண்ணீரைத் துடைப்பக் கட்டையால் குத்திக் கீழே விட்டுக்கொண்டே வெள்ளையன் கேட்டான், "இன்னைக்கு நம்ம மொளவு எத்தன கிலோவாமா?" எண்பத்தாறு கிலோ என்று கணக்குப் போட்டுச் சொன்னாள் பூவாயி. மிளகுக்கு எலி உண்டு, பூஞ்சை உண்டு. மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து கொட்டிப்போனதும் உண்டு. விற்று முடித்த மிளகு சுருங்கி அவர்கள் பார்த்ததில்லை.

வைகாசி முதல் வாரம் இருபத்தேழாம் எண் சுற்றறிக்கை வந்தது. உறுப்பினர்கள் அறியாமையாலும் கவனக்குறைவாலும் தங்கள் பன்னிரண்டு வார்த்தைகளைத் தொலைத்துவிடக்கூடும் என்பதால், அவற்றை மூன்று பிரதிகளில் தெளிவாக எழுதி, புகைப்படம் ஒட்டி, அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்றொப்பம் வாங்கி, சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும். கடைசி நாள் பதினைந்து. அதற்குமேல் தாமதக் கட்டணம்.

கவுன்டரில் வரிசை டீக்கடை தாண்டி நின்றது. சிவக்குமார் ஒவ்வொருவர் வார்த்தையையும் வாய்விட்டுப் படித்து, சரிதானா என்று கேட்டு, பெரிய ரெஜிஸ்டரில் ஏற்றினார். பின்னால் நின்றவர்கள் உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்தார்கள்.

பூவாயி வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னாருங்களே."

"யாருக்கும்னா வெளியாளுகளுக்குங்கக்கா. சங்கம் வெளியாளுங்களா?"

"கட்டுன புருசனுக்கே சொல்லக்கூடாதுன்னாருங்களே."

"புருசன் வேற, சங்கம் வேறைங்க. புருசனுக்கு ரெஜிஸ்டர் இருக்குதா? சீல் இருக்குதா?"

ஊருக்கு வந்து வெள்ளையனிடம் சொன்னாள். "ஒரு மாசமா எங்கிட்ட நீ சொல்லுல. நானும் கேக்குல. இப்பப் போயி அந்த ரைட்டர்கிட்டச் சொன்னீன்னா, எனக்கு என்ன மருவாத?" என்றான்.

பூவாயிக்கு அது நியாயமாகப் பட்டது. கொடுக்கவில்லை.

பதினாறாம் தேதி மெமோ வந்தது. ஒத்துழையாமை, காலம் தாழ்த்துதல், முதல் நிலை வல்லுநருக்குப் பொருந்தாத நடத்தை என்று மூன்று குற்றச்சாட்டுகள். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். அந்த ஏழு நாளுக்குள் வேறொன்று நடந்துவிட்டது.

அந்த வருடக் கேடயத்துக்குச் சங்கம் விண்ணப்பித்திருந்ததால், மாநாட்டுக்காரர்கள் தேவையான ஆவணங்களின் பட்டியலை அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்று 'வெளிப்படைத்தன்மை'. அது என்ன ஆவணம் என்று தலைவருக்குத் தெரியவில்லை. யுவராஜைக் கேட்கலாமென்றால் அவர் வேலை முடிந்து பெங்களூர் போய்விட்டார், போனை எடுக்கவில்லை. ஆகவே தலைவரே முடிவெடுத்து, சங்கத்தில் இருப்பதிலேயே பெரிய ரெஜிஸ்டரை ஒரு பக்கம் விடாமல் ஸ்கேன் செய்து, சங்கத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றச் சொன்னார். சிவக்குமார் ஒருமுறை தயங்கினார். "தலைவரே, வார்த்தையெல்லாம் அப்பிடியே தெரியுதுங்க" என்றார்.

"தெரியணும். தெரிஞ்சாத்தான் வெளிப்படை" என்றார் தலைவர்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஏற்றினார்கள். முதல் கணக்கு பதினொன்று நாற்பதுக்குக் காலியானது. ஒரு மணிக்குள் இருநூற்றுப் பதினேழும் காலி.

சனிக்கிழமை அவசரப் பொதுக்குழு. உட்கார இடமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ராசம்மாள் அழுதழுது தொண்டை கட்டிப்போய் முன்வரிசையில் இருந்தாள். முக்கால் ஏக்கரில் விளைந்து அந்த வருடம் சங்கத்துக்குப் போட்டது அத்தனையும் அந்த போனில்தான் இருந்தது.

தலைவர் எழுந்து ஒரு கணம் கண்ணை மூடி நின்றார்.

"பெருமக்களே! காசு தொலைஞ்சுபோச்சுன்னு விஷமிகள் வதந்தி பரப்பறாங்க. நான் பொறுப்போட சொல்றேன். ஒரு காசுகூடத் தொலையலை! தொலையறதுக்கு இது என்ன பழைய ரூபாய் நோட்டா? எத்தனை மணிக்கு, எத்தனை நொடிக்கு, எந்த முகவரிக்குப் போயிருக்குதுன்னு உலகமே பாக்கலாம். யாராலயும் அழிக்க முடியாது. அத்தனை காசும் பத்திரமா இருக்கு. என்ன, வேறொருத்தர்கிட்ட இருக்கு. அவ்வளவுதான்."

"யாருகிட்ட?" என்று கூட்டம் கத்தியது.

"பேர் தெரியாது. தனிமனித ரகசியத்தை மதிக்கிற தொழில்நுட்பம் இது."

"போலீசுக்குப் போலாமுங்க" என்றார் ஒருவர்.

"எல்லைகளே இல்லாத தொழில்நுட்பம்னு சொல்லித்தானே வாங்கினோம். இப்ப ஒரு ஸ்டேஷன் எல்லைக்குள்ள கொண்டுபோய் வெச்சா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க? கேடயத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிற நேரம்."

ராசம்மாள் எழுந்தாள். கட்டிய தொண்டையில் குரல் சரியாக வரவில்லை. அதனால் மண்டபமே அமைதியானது.

"பாடம் நடத்த வந்தவருக்கு நம்ம சங்கம் சம்பளம் குடுத்துச்சுங்களே. அவருக்கும் இந்தக் காசாத்தானுங்க குடுத்தீங்க?"

தலைவர் சிவக்குமாரைப் பார்த்தார். சிவக்குமார் ரெஜிஸ்டரைப் பார்த்தார். ரெஜிஸ்டரில் இருந்ததைப் படிக்கிற பழக்கம் அவருக்கு ஊறிப்போயிருந்தது. "காசோலை. ரூபாய் நாலு லட்சத்து இருபதாயிரம்" என்று படித்துவிட்டார்.

"அவர் நிபுணர்" என்றார் தலைவர். "அவருக்கு இந்த முறையைப் பத்தி எல்லாம் தெரியும். அதனால ரூபாயாத்தான் வேணும்னுட்டார்."

சொன்னது என்னவென்று தலைவருக்குப் புரிய நேரம் ஆனது. கூட்டத்துக்கு உடனே புரிந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. அப்போதுதான் துணைக்குழு உறுப்பினர் ஒருவர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் தெளிந்தது.

"ஒரு நிமிஷம்! ஒரு முக்கியமான தகவல். இருநூத்துப் பதினேழு கணக்கு காலி. ஒண்ணே ஒண்ணு மட்டும் காலியாகலை. அது எப்படி? அந்த ஒருத்தருக்கு மட்டும் இந்த ஆபத்து முன்கூட்டியே தெரிஞ்சது எப்படி? விசாரிக்க வேண்டாமா?"

எல்லோரும் திரும்பிப் பூவாயியைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை பூவாயி ஸ்டெஃபியின் கடைக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையும் பார்க்கிற கடை. பட்டா, ஆதார் என்று எதற்கும் பூவாயி அங்கேதான் போவாள். கையில் போனை வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். ஸ்டெஃபி கேட்டு முடித்து, முதலில் சொன்னது இதுதான்:

"அக்கா, அந்த பன்னெண்டு வார்த்தைய எங்கிட்டயும் காட்டாதீங்க. எனக்கு அது வேண்டாம். போன் மட்டும் போதும்."

பூவாயி அவளை முதல்முறையாகப் பார்ப்பது போல் பார்த்தாள். "கண்ணு, ரெண்டு மாசமா இத ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லுலியே!"

இந்தக் காசை விற்றுக் கொடுக்க, அரசாங்கத்தில் பதிந்த இணையச் சந்தைகள் உண்டு என்று ஸ்டெஃபி சொன்னாள். பான் கார்டு, ஆதார், முகத்தைத் திருப்பித் திருப்பி ஒரு படம். கணக்குத் திறக்க இரண்டு நாள் ஆனது. பிறகு முகவரியை எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்து, முதலில் கொஞ்சமே கொஞ்சம் அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தபிறகு மீதியை அனுப்பினார்கள். விற்றார்கள். லாபம் இல்லாததால் அந்த முப்பது போகவில்லை; விற்றதற்கு நூற்றுக்கு ஒன்று மட்டும் வரியாகப் பிடித்தார்கள். மறுநாள் பூவாயியின் வங்கிக் கணக்கில் ஐம்பத்தோராயிரத்துச் சொச்சம் வந்து நின்றது. மிளகு போட்ட அன்றைய விலைக்கு எழுபதாயிரத்துக்கு மேல் வந்திருக்க வேண்டும்.

"இதத்தானா கண்ணு ரெண்டு நாளு சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள் பூவாயி. "நீ ஒக்காந்து வேல பாத்தது அரமணி நேரந்தானே."

"இதுக்கு நூத்தம்பது ரூவா எடுத்துக்கறேங்க்கா. நடுவுல நான் இருந்தனில்ல" என்றாள் ஸ்டெஃபி.

பணத்தை எடுத்துக்கொண்டு பூவாயி அன்றைக்கே சேலத்துக்கு இறங்கி, வண்டி பிடித்துத் தகரத்தை ஏற்றிவிட்டாள். தெற்குப் பாதிக்குப் போதுமானதாக இருந்தது. வடக்குப் பாதிக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசாரி சொல்லிவிட்டார். ராசம்மாளைப் பார்க்க வெள்ளக்கடைக்குப் போனபோது, கூரை வேலை நடப்பதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ராசம்மாளே கேட்டாள், "தகரம் ஏறிருச்சா?" ஆமாம் என்று தலையாட்டினாள். "செரி, ஒருத்தர் ஊடாச்சும் நனையாம இருக்கட்டும்" என்றாள் ராசம்மாள். அவளும் இன்னும் முப்பது பேரும் தலைவரைக் கேட்காமலேயே சைபர் போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள்.

அடுத்த புதன்கிழமை விசாரணை. மூன்று பேர் கொண்ட குழு. தலைவர்தான் குழுவுக்கும் தலைவர்.

"உங்க பன்னிரண்டு வார்த்தைகளை ஏன் ஒப்படைக்கலை?"

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நீங்க வெச்ச வாத்தியாரு சொன்னாருங்க."

"மத்த இருநூத்துப் பதினேழு பேரும் கொடுத்தாங்களே?"

"ஆமாங்க. அவிங்க காசு போயிருச்சுங்களே."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். சங்கம் பாதுகாத்துக் கொடுக்கும்னு உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"யாரையும் நம்பத் தேவையில்லைன்னுதானுங்களே பாடத்துல சொன்னாங்க. எனக்கு அந்த ரெண்டு நாள்ல வெளங்குனதே அந்த ரெண்டு வரிதானுங்க."

குழு தங்களுக்குள் குனிந்து பேசியது. பிறகு அவள் போனை வாங்கித் திறக்கச் சொன்னார்கள். இருப்பு பூஜ்யம். தலைவர் துள்ளி எழுந்தார்.

"பாருங்க, இதுவும் காலி! இதுவும் திருட்டுப் போயிருக்கு! ஆக, வார்த்தையை ஒப்படைச்சாலும் போகும், ஒப்படைக்கலைன்னாலும் போகும். சங்கத்து மேல தப்பே இல்லை. இதை அப்படியே எழுதிக்கோங்க சிவக்குமார்!"

"திருட்டுப் போவுலீங்க" என்றாள் பூவாயி. "தகரமாப் போயிருச்சுங்க. ஊட்டு மேல இருக்குதுங்க. வேணுமின்னா வந்து பாத்துக்குங்க."

எழுதிக்கொண்டிருந்த சிவக்குமாரின் பேனா நின்றது. அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். வெகுநேரம் இருமினார்.

ஆனி மாதம் பதிவுத் தபாலில் தீர்ப்பு வந்தது. பூவாயி அதை ஸ்டெஃபியிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னாள். நான்கு பக்கம். சங்கத்தின் மீது நம்பிக்கையின்மை, அனுமதியின்றி ரூபாய்க்குப் பின்னேறியது, விசாரணையின்போது ரைட்டர் வெகுநேரம் இருமக் காரணமாக இருந்தது ஆகிய காரணங்களால் பூவாயி சங்கத்திலிருந்து நீக்கப்படுகிறார். விளைகிற மிளகையும் காப்பியையும் ஐந்து வருடத்துக்குச் சங்கத்துக்கு மட்டுமே போட வேண்டும் என்று உறுப்பினர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பயனை அவர் இந்த நாள் முதல் இழக்கிறார்.

"இரு கண்ணு, கடேசி வரிய இன்னொருக்காப் படி."

ஸ்டெஃபி படித்தாள்.

"அப்ப இனிமே அவிங்களுக்கு மொளவு போட வேண்டாமா?"

"வேண்டாங்க்கா."

"யாருக்கு வேணுமின்னாலும் போடலாமா?"

"போடலாங்க்கா."

"எழுத்துலயே குடுத்திருக்காங்களா? சீல் வெச்சு?"

ரெண்டு சீல் இருந்தது. பூவாயி அந்த நாலு பக்கத்தையும் அங்கேயே லேமினேஷன் போடச் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து, கடைசிப் பறிப்பில் கிடைத்து வீட்டில் இருந்த பதினெட்டு கிலோ மிளகை மூட்டையாகக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சேலம் லீ பஜார் மண்டிக்குப் புறப்பட்டாள். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது, கீழே சங்கத்துக்குக் கொண்டுவந்த மூட்டையோடு ராசம்மாள் நின்றிருந்தாள். ஜன்னலோரம் வந்து மூட்டையைப் பார்த்தாள், பூவாயியைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், ஒவ்வொருவரும் ஒரு மூட்டையோடு, அவர்கள் பேசுவதைக் கேட்க நெருங்கி வந்தார்கள்.

"ஏனக்கா, நெசமாவே உன்னய நீக்கிப்போட்டாங்களா?"

"ஆமா."

"சீல் வெச்சா?"

"ரெண்டு சீலு."

ராசம்மாள் சங்கத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்களையும் நீக்கோணுமின்னா என்னக்கா பண்றது?"

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். வண்டி நகர ஆரம்பித்தது. பூவாயி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"உள்ள போயி, எம் பணம் எங்கன்னு கேளுங்க. விடாம தெனமும் கேளுங்க. அவிங்களே நீக்கிருவாங்க!"